அகார் குளத்தில் ஓடியவர்கள்

செம்மண் சாலையில் இரண்டாவது மைல் கட்டையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். காலில் கிடந்த ஜப்பான் ரப்பர் சிலிப்பர் என்னுடையது அல்ல. குதிகால் ஒரு விரல் அளவுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது; அடிக்கு அடி மண் சுட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை, அம்மா காலையில் பசியாற வைத்த ரொட்டியில் மிச்சம். திரும்பினால் ஆலையின் புகை தெரியும் என்று திரும்பவில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிருந்தது. காஹாங் பக்கத்தில் இருந்த எங்கள் செம்பனைத் தோட்டத்தைவிட்டு அன்று கிளம்பியவன், அதன்பிறகு எந்த ஊரிலும் மூன்று வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் நீங்கள்தான். என் வயதுக்காரர்களான நீங்கள் தினமும் காலையில் கைப்பேசியில் எதையாவது அனுப்புகிறீர்கள். நாம் ஹெல்மெட் போட்டதில்லை, பெல்ட் போட்டதில்லை, குழாயில் வாய்வைத்துத் தண்ணீர் குடித்தோம், மரத்திலிருந்து விழுந்தோம், நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று. நானும் கட்டைவிரல் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அதெல்லாம் பொய் இல்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். பாசிர் கூடாங்கில் இப்போது நான் தங்கியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ரப்பர் தரை போட்டிருக்கிறார்கள். விழுந்தால் அடிபடாதாம். மிதித்தால் லேசாக அமுங்குகிறது. நான் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

எங்கள் தோட்டத்தில் கொசு மருந்துப் புகை அடிக்க ஆள் வந்தால், லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் அந்தப் புகைக்குள் ஓடுவோம். எதிரில் இருப்பவன் தெரியமாட்டான். மண்ணெண்ணெய் வாடை தொண்டைவரை இறங்கும். அம்மாக்கள் வாசலில் நின்று, "நல்லா உள்ள போயி நில்லுடா, சொறி போவும்" என்பார்கள். செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி மேட்டில் மெதுவாக ஏறும்போது பின்னால் தொற்றிக்கொள்வோம். முள் கிழித்த தொடையில் எச்சில் தடவினால் வைத்தியம் முடிந்தது. தீபாவளிக்கு மூங்கிலில் கார்பைட் போட்டு வெடிப்போம். ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் மகனுக்கு ஒரு தடவை புருவம் முழுசாகப் போய்விட்டது. அவன் அப்பா அடுப்புக்கரியால் வரைந்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். இதையெல்லாம் நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய விளையாட்டு அகார் குளம்.

ஆலையில் எண்ணெய் பிழிந்த பிறகு வரும் கழிவுத் தண்ணீரை ஒன்றன்பின் ஒன்றாகத் தோண்டிய குளங்களில் விடுவார்கள். முதல் குளத்தில் நாளாக ஆக மேலே சக்கையும் எண்ணெயும் சேர்ந்து தடித்த ஏடு கட்டிக்கொள்ளும். வெயிலில் காய்ந்து பழுப்பாகும். பிறகு அதன்மேல் புல்லே முளைத்துவிடும். தெரியாதவர் பார்த்தால் சின்னப் பந்துத் திடல் என்று நினைப்பார். ஏறி நின்றால் கால் அமுங்கும்; நாம் நிற்கும் இடத்திலிருந்து அலை கிளம்பி அக்கரைவரை போகும். புல் எல்லாம் சேர்ந்து ஒரு தடவை குனிந்து நிமிரும். தட்டில் வைத்த அகார்-அகார் ஜெல்லி ஆடுவது மாதிரி இருக்கும். அதனால் அந்தப் பெயர்.

நின்றால் இறங்கிவிடும். ஓடினால் தாங்கும். விதி அவ்வளவுதான். பழுப்பு இடத்தில் மிதிக்கக்கூடாது, புல் இருந்தால் மிதிக்கலாம். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நாற்பது அடி இருக்கும். நான் எத்தனை தடவை ஓடியிருக்கிறேன் என்று கணக்கில்லை. புளித்த நாற்றம் மூக்கில் அடிக்க, கீழே தரை நம்மைத் தூக்கித் தூக்கிப் போட, காலே இல்லாததுபோல ஓடுவோம். பிறகு எத்தனையோ வேலை செய்தேன். கப்பலில் கூடப் போனேன். அந்த மாதிரி உடம்பு லேசானது ஒரு நாளும் இல்லை.

குளத்து வேலை என் சின்ன மாமாவுக்கு. அம்மாவின் தம்பி. நீளமான மூங்கிலால் ஏட்டை உடைத்துவிடுவதும் மதகைத் திறந்து மூடுவதும் அவர் பாடு. எங்களைத் துரத்துவதும் அவர் தலையில் விழுந்தது. அவர் போய் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் முள்கம்பி வேலி கேட்டார். கிராணி, "உங்க புள்ளைங்கள அடக்கி வைக்க ஆபீஸ்தான் வேலி போடணுமா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். மாமா மூன்று தடவை போனார். நான்காவது தடவை போகவில்லை. பட்டறையில் கிடந்த பழைய இரும்புக் கம்பியைக் காய்ச்சி வளைத்துச் சூலம் செய்தார். குளக்கரையில் நட்டு, சிவப்புத் துணி சுற்றி, எலுமிச்சம்பழம் குத்தி, பக்கத்தில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசினார். சாயங்காலம் லயத்தில் வந்து எல்லார் காதிலும் விழும்படிச் சொன்னார்.

"கொளத்துல முனி எறங்கியிருக்கு. இனிமே எவன் அங்க ஓடுறானோ அவன் பாடு."

ஒரு வாரம் பயந்தோம். எட்டாவது நாள் மண்டோர் மகன்தான் சொன்னான்.

"டேய், முனி நம்ம சாமி தானடா? நம்மள ஏன் அடிக்கணும்? கும்புட்டுட்டு ஓடுனா அதுவே புடிச்சுக்கும் லா."

எங்களுக்கு அது சரி என்று பட்டது. அதற்குப்பிறகு ஓடுவதற்கு முன் சிலிப்பரைக் கழற்றிச் சூலத்துக்கு முன்னால் வரிசையாக வைப்போம். கல்லின் அடியில் இருந்த திருநீற்றைப் பூசிக்கொள்வோம். முன்பெல்லாம் பயந்து ஓரமாக ஓடிய சின்னப் பிள்ளைகள்கூட நடுவில் ஓட ஆரம்பித்தார்கள். வேலிக்குப் பதிலாக வந்த சூலம் எங்களை உள்ளே அனுப்பியது. மாமா அதைக் கவனிக்கவில்லை. ஆலை அப்போது இரவு பகலாக ஓடியது. அவருக்கு மற்ற குளங்களில் வேலை குவிந்திருந்தது.

எங்களில் நன்றாக ஓடுகிறவள் டிரெஸ்ஸர் மகள். அவள் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், கத்தோலிக்கர். தோட்டத்தில் அவர்கள் ஒரே குடும்பம்தான் வேதக்காரர்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. கொக்கு மாதிரிக் கால். முனி வருவதற்கு முன்னும் ஓடினாள், வந்த பிறகும் ஓடினாள். திருநீறு மட்டும் பூசமாட்டாள். சட்டைக்குள் இருக்கும் சிலுவையைத் தொட்டு முத்தம் கொடுத்துவிட்டு ஓடுவாள். அக்கரையில் நின்றுகொண்டு, "உங்க சாமி இன்னும் பாதி வழியில வந்துகிட்டு இருக்கு, பாருங்க" என்று கத்துவாள்.

அது காய் அதிகமாக விழும் மாதங்கள். ஞாயிற்றுக்கிழமைகூட ஆலை நிற்கவில்லை. சுடுதண்ணீர் ஓயாமல் குளத்துக்கு வந்தது. ஏடு அடியிலிருந்து கரைந்துகொண்டு வந்திருக்கிறது. மேலே புல் அப்படியே பச்சையாகத்தான் இருந்தது. நாங்கள் பார்த்தது புல்லைத்தான்.

அன்றைக்கு ஒரு பிற்பகல். நாற்றம் வழக்கத்தைவிட அதிகம், கரை மண்ணே வெதுவெதுப்பாக இருந்தது. எனக்கு என்னவோ பயம் வந்தது. எனக்காக அல்ல, நான்தான் திருநீறு பூசியிருந்தேனே. அவளிடம் போய், "இன்னைக்கு நீயும் பூசிக்க" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மாதான். பூசிக்க."

"எங்க சாமி கோவிச்சுக்காது. எங்கப்பாதான் கோவிச்சுக்குவாரு."

"ஓடி முடிச்சதும் தொடச்சுக்க. யாருக்குத் தெரியப் போவுது?"

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அலமாக், நீ என்னா இப்படிப் பயந்து போயிருக்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடி நெற்றியைக் காட்டினாள். நான்தான் பூசினேன். மூன்று விரலால் பூசத் தெரியாமல் ஒரு விரலால் நீளமாக இழுத்தேன். மண்டோர் மகனும் மற்றவர்களும் அதற்குள் முன்னால் ஓடி அக்கரை போய்விட்டார்கள். அவர்கள் பார்க்கவில்லை. அவள் சிலிப்பரைக் கழற்றி எங்கள் சிலிப்பர்களோடு வைத்தாள். சிவப்பு வார், வெள்ளை அடி. ஓடினாள்.

பாதியில் ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கினாள். புல் அவளைச் சுற்றிக் கிழிந்தது. இடுப்புவரை போனவள் இரண்டு கையையும் விரித்து ஏட்டின்மேல் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள். "சுடுது" என்று ஒரே வார்த்தை. மண்டோர் மகன் மாமாவைக் கூப்பிட ஓடினான். நான் வயிற்றில் படுத்து ஊர்ந்து போனேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நின்றால் இறங்கும் என்று மட்டும் தெரியும். அவள் முகத்துக்கு ஒரு கை தூரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை, எனக்கு அடியில் இருந்த தரைதான் அவளை நோக்கிச் சரிந்தது. இன்னும் ஒரு தடவை இழுத்தால் இரண்டு பேரும் போவோம் என்று தெரிந்தது. கையை விட்டேன்.

கரையில் மாமாவின் குரல் கேட்டது. "அசையாதீங்கடா! பலகை எடுத்தாறேன்!"

அவள் கத்துவதை நிறுத்தியிருந்தாள். உதடு நீலமாக இருந்தது. "தொடச்சு விடு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நெத்திய தொடச்சு விடு லா. அப்பா வந்துருவாரு."

துடைத்தேன். என் கையால் அந்த நேரத்தில் முடிந்த வேலை அது ஒன்றுதான். அவளைத் தூக்க முடியாத கை நெற்றியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. பிறகு மாமா பலகை போட்டு ஊர்ந்து வந்தார். மூங்கிலை அவள் அக்குளுக்குள் கொடுத்து நெம்பி, தோளில் சாய்த்து இழுத்துப் போனார். டிரெஸ்ஸர் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்தபோது மகள் கரையில் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே பார்க்கக்கூடியதாக இல்லை. அவர் அழவில்லை. மடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். தோட்டத்து ஜீப்பில் குளுவாங் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அன்று சாயங்காலமே லயத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. எங்கள் நெற்றியில் எல்லாம் திருநீறு இருந்தது. அவள் நெற்றி வெறுமையாக இருந்ததைக் கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். குழாயடியில், கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையில், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் எல்லாம் ஒரே பேச்சு. முனி நம் பிள்ளைகளைக் காப்பாற்றியது, மதிக்காததைத் தண்டித்தது. கெட்ட மனசோடு சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவள் பிழைக்க வேண்டும் என்று தேங்காய் உடைத்தவர்களும் அவர்கள்தான்.

"அந்தப் புள்ள ஒரு கும்புடு போட்டிருந்தா என்னா கொறஞ்சு போயிருக்கும்?" என்றாள் அம்மா, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. நான் வாயைத் திறந்தேன். சோற்றை வைத்து மூடிக்கொண்டேன்.

டிரெஸ்ஸர் இரண்டாம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போன எங்கள் எதிர்வீட்டுக்காரர் அவரிடமே சொன்னார்: "ஐயா, தப்பா நெனைக்காதீங்க. முனிக்கு ஒரு பூசை போட்டுருங்க. பொண்ணுக்கு நல்லாயிரும்." நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டிரெஸ்ஸர் மாத்திரையை எண்ணிக் கொடுத்த பிறகுதான் பேசினார்.

"என் பொண்ணு செத்தாலும் அதுக்குக் கும்புடு போட மாட்டா. அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

அவள் திருநீறு பூசவில்லை என்ற ஒரே விஷயத்தைத்தான் இரண்டு பக்கத்தாரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது உண்மை இல்லை என்று எனக்கு ஒருவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். நான் சொன்னால் லயத்தில் அவள் பெயர் சுத்தமாகும். அவள் அப்பாவுக்கு மிச்சமிருந்த ஒன்றும் போகும்.

இரண்டு மாதம் கழித்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் படுத்திருந்தாள். நான் போய் வெளியில் நின்றேன். ஜன்னல் கம்பி வழியாகப் பேசினோம்.

"சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லிறாத. எங்கப்பா அத வச்சுத்தான் நிமிந்து நடக்கிறாரு."

"லயத்துல எல்லாரும் உன்னையத்தான்..."

"தெரியும். அம்மா கடைக்குப் போனா பக்கத்துல யாரும் நிக்கிறதில்லையாம்." பிறகு, "மறுபடியும் ஓடுனீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பயந்தாங்கொள்ளிங்க" என்று சிரித்தாள். காலை மடக்க முயன்று முகத்தைச் சுளித்ததை நான் பார்க்கவில்லை என்று காட்ட, வேலிப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிரெஸ்ஸர் மாற்றல் கேட்டு வாங்கினார். பொந்தியான் பக்கம் ஒரு தோட்டம். லோரியில் சாமான்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். கையசைத்தாள். வழியனுப்ப நானும் சின்ன மாமாவும்தான் நின்றோம். அதற்குப்பிறகு அவளை நான் பார்த்ததில்லை. பொந்தியானில் இரண்டு தடவை வேலை செய்தேன். சந்தையில் காலைச் சாய்த்து நடக்கும் பெண்கள் யாரைக் கண்டாலும் முகத்தைப் பார்ப்பேன். கண்டுபிடித்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

லோரி போன அன்றே மாமா குளக்கரைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். முனிக்கு இப்போது தகரக் கூரை வந்திருந்தது. ஆலைக்காரர்களே தகரமும் சிமெண்டும் கொடுத்தார்கள். வேலிக்குக் கிடைக்காதது கூரைக்குக் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பூசையும் மாமா கையில்தான். அவர் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் சிவப்பு வார் வைத்த சிலிப்பர் அப்படியே இருந்தது. மழையில் நனைந்து காய்ந்திருந்தது. அதை யாரும் தொடவில்லை.

"மாமா, அவ திருநீறு பூசியிருந்தா. நான்தான் பூசி விட்டேன். நான்தான் தொடச்சேன்."

அவர் கூட்டுவதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"தூக்குறப்ப என் தோள்மேலதான சாஞ்சா. புருவத்துல மிச்சம் இருந்துச்சு. என் சட்டையில ஒட்டுச்சு."

"அப்ப ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"என்னான்னுடா சொல்றது? பூசிக்கிட்டுப் போன புள்ளையும் விழுந்துச்சுன்னா, இது என்னா அப்ப?" என்று சூலத்தைக் காட்டினார். "வேலி கட்டாம யாரு இத நட்டதுன்னு கேப்பாங்க."

"நீங்கதான நட்டீங்க."

"நான்தான்டா. பட்டறைக் கம்பி. சிவப்புத் துணி உங்கம்மாவோட பழைய பாவாடை. எனக்குத் தெரியாதா?" துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார். "ஆனா இப்ப இதுக்கு முன்னால வந்தா கை தானா கும்புடுது. என்னைய என்னா செய்யச் சொல்ற?"

அவர் கண்ணைப் பார்த்தபோது எனக்குத் திட்ட மனம் வரவில்லை. என்மேல் கை வைக்காத ஒரே பெரியவர் அவர்தான். என் பக்கம் சிலிப்பரை நகர்த்தி, "எடுத்துக்கிட்டுப் போயிரு. கூட்டுறப்பெல்லாம் கண்ணுல படுது" என்றார்.

அதைக் காலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா செம்பனைக் காட்டுக்குக் களை எடுக்கப் போனவர்களோடு இருந்தாள். பையில் துணியை எடுத்துப் போட்டேன். யாரோடும் சண்டை இல்லை. யாரும் அடிக்கவில்லை. சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான். செம்மண் சாலையில் இறங்கினேன். நான்காவது கட்டையில் ஒரு குலை லோரி நிறுத்தி ஏற்றிக்கொண்டது. இந்தத் தடவை ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துதான் போனேன்.

மறுநாள் காலை குளுவாங் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சீனர் கடையில் ஆள் வேண்டுமா என்று கேட்டேன். இலவம் பஞ்சு மெத்தை தைக்கும் கடை. காற்றில் பஞ்சு பறந்து முதலாளி தவுக்கேயின் புருவத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எடை குறைவானவன் என்பது பிடித்திருக்க வேண்டும். உறைக்குள் பஞ்சைத் திணித்த பிறகு ஒருவன் மேலே ஏறி மூலை மூலையாக மிதித்து இறுக்க வேண்டும். அதுதான் வேலை. தரையில் பெரிய மெத்தை ஒன்று வாய் திறந்து கிடந்தது.

"நாயெக்" என்றார் மலாயில். ஏறு என்று.

சிலிப்பரைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைத்தேன். ஒரு காலை எடுத்து வைத்தேன். அமுங்கியது. அக்கரை மூலை மெல்ல எழும்பி அடங்கியது. காலைத் திரும்ப எடுத்துவிட்டேன்.

"அடியில என்னா இருக்கு, தவுக்கே?" என்று கேட்டேன். தெரிந்த மலாயில் இன்னொரு தடவையும் கேட்டேன்.

அவர் கையிலிருந்த ஊசியால் தரையைத் தட்டிக் காட்டினார். "சிமென் லா. வேற என்னா?"

நானும் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தட்டிப் பார்த்தேன். பிறகு ஏறி, நிற்காமல் மிதிக்க ஆரம்பித்தேன்.